நம்ம ஊரு ஈரத்துல கார்பன் ஸ்டீல் மடக்குக் கத்திக்குத் துரு பிடிக்காம எப்படிப் பாத்துக்கிறது?

தினமும் எண்ணெய் தடவியும் வாரத்துக்குள்ள பழுப்புப் புள்ளி வந்துருது, பேசாம ஸ்டெயின்லெஸ்ஸுக்கு மாறிடவான்னு கேட்டிருக்கீங்க. மாற வேணாங்க. நான் மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்துல வேலை பாக்குறேன், என் பாக்கெட்ல கிடக்குறதும் ஓப்பினல் நம்பர் 8ங்கிற மரக் கைப்பிடி கார்பன் ஸ்டீல் மடக்குக் கத்தி தான், மழைக்குப் பேர் போன தைப்பிங் அளவுக்கு இங்க மழை இல்லன்னாலும் காலையில காத்துல ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல நிக்கும்.

எனக்கென்னமோ நீங்க உப்பு மேலயே எண்ணெய் தடவுறீங்கன்னு தோணுது. ஸ்டெயின்லெஸ்ல குறைஞ்சது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கு, அது மேல ஒரு படலம் கட்டிக்கிட்டுத் தன்னைத் தானே காப்பாத்திக்கும், கார்பன் ஸ்டீலுக்கு அந்த வசதி கிடையாது. வெறும் ஈரம்னா கூட மெதுவாத் தான் துரு ஏறும், உப்பு சேந்துச்சுன்னா அவ்ளோதான். கால்சட்டைப் பாக்கெட்ல வேர்வை ஊறுது, அது போக தோட்டத்துல உர மூட்டையப் பிரிக்க எல்லாரும் எடுக்குறது இதே கத்தியத் தான். எம்ஓபின்னு ஒரு உரம் போடுறோமே அது பொட்டாசியம் குளோரைடு, சமையல் உப்புக்குத் தம்பி முறை. அந்தத் தூள் நகம் விட்டு இழுக்குற பள்ளத்துலயும் பிளேடு மடங்குற மூட்டுலயும் போய் ஒக்காந்துக்கும், காத்துல இருக்குற தண்ணிய அதுவே இழுத்துக்கும். உங்க கத்தியப் பாருங்க, முதல் புள்ளி அனேகமா அந்த ரெண்டு எடத்துல ஒண்ணுல தான் இருக்கும்.

அதனால வேலை முடிஞ்சதும் முதல்ல பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணில பிளேடைக் கழுவுங்க, பழைய பல்லு பிரஷ்ஷால மூட்டைத் தேய்ங்க, துடைச்சிட்டுப் பாதி விரிச்ச மாதிரி ஃபேன் முன்னாடி வச்சிருங்க. கைப்பிடி மரமா இருந்தா தண்ணில ஊற வைக்காதீங்க, மரம் உப்பிச்சுன்னா பிளேடு வெளிய வராம இறுகிக்கும் (அப்படி ஆயிட்டா கைப்பிடியோட பின்பக்கத்த மேசைல ஒரு தட்டுத் தட்டுனா பிளேடு கொஞ்சம் எட்டிப் பாக்கும்). நல்லாக் காஞ்சப்புறம் தான் எண்ணெய்.

எண்ணெய்னா வீட்ல இருக்குற சமையல் எண்ணெயத் தடவாதீங்க, கொஞ்ச நாள்ல பிசுபிசுன்னு ஆகித் தூசியப் பிடிச்சு வச்சிக்கும். பார்மசியில மலச்சிக்கலுக்குக் குடுப்பாங்களே லிக்விட் பாராபின், அது மினரல் ஆயில் தான், கெட்டுப் போகாது, அந்தக் கத்தியாலயே மாங்கா நறுக்கித் தின்னாலும் பயமில்ல. டிஷ்யூல ஒரு சொட்டு விட்டு பிளேடு முழுக்கத் தேய்ங்க, மூட்டுல ஒரு சொட்டு விட்டு நாலு தடவ தெறந்து மூடுங்க, வழியிற அளவுக்கு ஊத்துறது வேஸ்ட். டபிள்யூடி-40 ஸ்பிரே மழைல நனைஞ்ச கத்தில இருந்து தண்ணிய வெளியேத்த நல்லாருக்கும், ஆனா அது மெல்லிசு, ரொம்ப நாள் நிக்காது.

பாத்தினா, அதாவது பிளேடு மேல படியிற கறுத்த படலம், அத ஏத்தி விட்டாலும் உதவும். எண்ணெயப் போக்கிட்டு வினிகர்ல நனைச்ச டிஷ்யூவ பிளேடுல சுத்தி இருபது நிமிஷம் கிட்ட வச்சா சாம்பல் கறுப்பாயிரும், கழுவிட்டு சோடா மாவுத் தண்ணில ஒரு அலசு அலசிக் காய வச்சு எண்ணெய் போடுங்க. பாக்க அசிங்கமாத் தான் இருக்கும், எனக்குப் பிடிக்கும். கறுப்பு, சாம்பல், நீலம் எது வந்தாலும் விடுங்க, செவப்போ ஆரஞ்சோ வந்தா மட்டும் தேய்ச்சு எடுங்க. பாத்தினா இருக்குன்னு எண்ணெய நிறுத்திராதீங்க, துரு வர்றத அது மெதுவாக்கும், நிறுத்தாது.

டவுனுக்கோ பாசார் மாலாம்ங்கிற ராத்திரிச் சந்தைக்கோ போறப்ப கத்திய வீட்லயே வச்சிட்டுப் போங்க, ஆயுதம் வச்சிருக்கிறதுக்கு 1958ம் வருஷச் சட்டம் ஒண்ணு இருக்கு, ரோட் பிளாக்ல நின்னு விளக்கம் சொல்லிட்டிருக்க முடியாது. வீட்ல வைக்கிறப்பவும் தோல் உறைல போட்டு வைக்காதீங்க, தோலு ஈரத்த இழுத்து வச்சிக்கிட்டே இருக்கும். மூடி இறுக்கமா இருக்குற பிஸ்கட் டின்ல சிலிக்கா ஜெல் பொட்டலம் ரெண்டு மூணு போட்டு வைங்க, அதையும் அப்பப்ப மாத்தணும்.

இப்ப வந்திருக்கிற புள்ளிக்கு 0000 நம்பர் ஸ்டீல் வுல்ல (ரொம்ப மெல்லிசான இரும்பு நார்) எண்ணெய் தொட்டு லேசாத் தேய்ங்க, மணல் பேப்பர் வேணாம், கீறிரும். துரு போனப்புறமும் சின்னக் குழி தெரிஞ்சா அத அப்படியே விட்ரலாம், வெட்டுற வாயில குழி விழுந்திருந்தா மட்டும் கல்லுல தீட்டி எடுத்துருங்க.