பிரித்தானியின் கொரிகன்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (கல்லூரி மாணவி): கொரிகன்கள் என்போர் யார்? அவர்கள் எங்கே வாழ்வதாக நம்பப்பட்டது?

பதில்: பிரான்சின் வடமேற்கு முனையிலுள்ள பிரித்தானியில், பிரெத்தோன் மொழி பேசும் மக்கள் வழிவழியாகச் சொல்லிவந்த குள்ள உருவினரே கொரிகன்கள். பெருங்கற்களால் எழுப்பிய பண்டைய கல்லறைகளும், ஊற்றுகளும், புதர் மண்டிய தரிசு நிலங்களும் அவர்களுடைய இருப்பிடங்கள். ஏறத்தாழ 3,000 நெடுங்கற்கள் வரிசையாக நிற்கும் கர்னாக் போன்ற ஊர்களில் இக்கதைகள் வேரூன்றியதில் வியப்பில்லை.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர்): அவர்கள் செய்யும் குறும்பு எத்தகையது, ஐயா?

பதில்: இரவில் தனியே செல்பவரைத் தங்கள் வட்ட நடனத்துக்குள் இழுத்து, களைத்து விழும்வரை ஆடவைப்பதுதான் முதன்மையானது. "திங்கள், செவ்வாய், புதன்" என்ற ஒரே அடியையே பாடிக்கொண்டிருந்த அவர்களிடம் சிக்கிய கூனன் ஒருவன், அஞ்சாமல் உடன் ஆடி, "வியாழன், வெள்ளி" என்று அடியை நீட்டிக் கொடுக்க, மகிழ்ந்துபோன கொரிகன்கள் அவன் கூனை நீக்கி அனுப்பினார்களாம். அதைக் கேள்விப்பட்டு ஆசையோடு ஓடிய இன்னொரு கூனன் தாளம் கெடும்படி மேலும் சேர்த்ததால், முதலாமவனின் கூனும் அவன் முதுகில் ஏறிக்கொண்டது என்பது பரவலான வடிவம். கலப்பையில் ஒட்டிய மண்ணைச் சுரண்டும் சிறு கவைக்கோலைக் கையில் வைத்திருக்கும் உழவனை அவர்கள் தொடமாட்டார்கள் என்றும் ஒரு கதை கூறுகிறது. மந்திரத் தாயத்தை விட்டுவிட்டு உழவுக் கருவியைக் காப்பாகக் கொண்ட அந்தக் கற்பனை எனக்கு மிகவும் பிடித்தது.

கேள்வி (இளந்தாய் ஒருவர்): குழந்தைகளை மாற்றிவிடுவார்கள் என்கிறார்களே?

பதில்: ஆம். மனிதக் குழந்தையைத் திருடிக்கொண்டு, அதன் தொட்டிலில் தங்களில் ஒருவரைக் குழந்தை வடிவில் விட்டுச்செல்வார்கள் என்பது கதை. ஐயமுற்ற தாய், உழவர் பத்துப் பேருக்கான உணவை ஒரே முட்டை ஓட்டில் சமைப்பதுபோல் நடிக்க, தொட்டிலில் கிடந்த போலிக்குழந்தை வியந்து வாய் திறந்து, தன் முதுமையைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அதை அடிக்கத் தொடங்கியதும் உண்மைக் குழந்தை திரும்பி வருகிறது. நோயுற்ற பிள்ளைகளை இக்கண்ணோடு பார்த்திருப்பார்கள் என்று எண்ணும்போது இதைக் குறும்பு எனச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி (ஆய்வு மாணவர்): பெண் கொரிகன்களும் உண்டா?

பதில்: உண்டு. பிரெத்தோன் எழுத்தாளர் லா வில்மார்க்கே 1839இல் வெளியிட்ட 'பர்சாஸ் பிரெயிஸ்' என்னும் பாடல் தொகுப்பில், ஊற்றருகே தலைவாரும் கொரிகன் ஒருத்தி தன்னை மணக்க மறுத்த ‘நான்’ (Nann) என்னும் பெயருடைய பிரபுவுக்குச் சாவைச் சாபமாக அளிக்கிறாள். இத்தொகுப்பு மக்கள் வாய்மொழிக்கு உண்மையானதா என்று பின்னர் நாட்டார் பாடல்களைத் திரட்டிய லுசேல் போன்றோர் கடுமையாக வாதிட்டனர். 1964இல் ஆய்வாளர் தொனசியான் லோரான் கண்டெடுத்த லா வில்மார்க்கேயின் கள ஆய்வுக் குறிப்பேடுகள், லா வில்மார்க்கே பாடல்களை மக்களிடமிருந்தே திரட்டினார் என்பதையும், அவற்றைத் தாராளமாகத் திருத்தினார் என்பதையும் காட்டின. ஆகவே, அத்தொகுப்பின் வரிகளை மட்டும் வைத்து முடிவுக்கு வராமல், பிறர் திரட்டிய வாய்மொழிக் கதைகளோடு ஒப்பிட்டுப் படியுங்கள்.