இடுப்பளவு களைக்குப் பேட்டரி டிரிம்மர் தாங்குமா?

கேள்வி: முடிச்சூரில் எங்களுக்கு ஒன்றரை கிரவுண்டு மனை. பாதியில் வீடு, மீதி காலியாகக் கிடக்கிறது. மழை விட்டதும் இடுப்பளவுக்குக் களை மண்டிவிடுகிறது. கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை. எனக்கு வயது 62. பெட்ரோல் இயந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலை செய்ய முடியாது. இணையத்தில் ‘48 வோல்ட்’ பேட்டரி டிரிம்மர் (நைலான் நூலைச் சுழற்றிக் களை வெட்டும் கருவி) இரண்டாயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கிறது. பாரிமுனைக் கடையிலோ 18 வோல்ட் கருவிக்கே அதைவிடப் பல மடங்கு விலை சொல்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: அந்த 48-ஐ நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். லித்தியம் பேட்டரிக்குள் இருப்பவை 3.6 வோல்ட் செல்கள். ஐந்தை வரிசையாக இணைத்தால் 18 வோல்ட், பத்தை இணைத்தால் 36. முழுதாகச் சார்ஜ் ஏறிய செல் 4.2 வோல்ட் காட்டும் என்பதால் ஐந்து செல் பேட்டரிக்கான சார்ஜர் 21 வோல்ட் கொடுக்கும். விற்பனைப் படத்தில் சார்ஜரைப் பெரிதாக்கி, அதன் அடியில் ‘அவுட்புட்’ என்று தொடங்கும் வரியைப் படியுங்கள். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 48, சார்ஜரின் அடியில் பொடி எழுத்தில் 21 என்றால் விஷயம் முடிந்தது. சில பெட்டிகளில் எண்ணுக்குப் பின்னால் ‘விஎஃப்’ என்று ஒரு வாலும் இருக்கும். அப்படி ஓர் அலகே கிடையாது. அதே சமயம் ‘20 வோல்ட் மேக்ஸ்’ என்று எழுதியிருந்தால் அது ஏமாற்று அல்ல. சார்ஜ் ஏறிய நிலையில் அளந்து போட்ட எண். கருவி 18 வோல்ட்தான்.

வோல்ட்டை ஆம்பியர் மணியால் பெருக்கிப் பாருங்கள். வருவது வாட் மணி. உங்கள் வேலை எவ்வளவு நேரம் ஓடும் என்பதை அதுதான் சொல்லும். 18 வோல்ட், 2 ஆம்பியர் மணி என்றால் 36. அதே 18 வோல்ட்டில் 5 ஆம்பியர் மணி என்றால் 90. அடர்ந்த களைக்குள் மோட்டார் 500 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் 90 வாட் மணி பத்து, பதினோரு நிமிடத்தில் தீரும். 36 வாட் மணி நான்கு நிமிடச் சொச்சத்தில் தீர்ந்துவிடும். ‘ஒரு மணி நேரம் ஓடும்’ என்று விளம்பரத்தில் சொல்வது சுமை இல்லாமல் சும்மா சுற்றவிட்ட கணக்காக இருக்கும். ஆகவே உங்கள் இடத்துக்கு 5 ஆம்பியர் மணி பேட்டரி இரண்டு வேண்டும். ஒன்று ஓடும்போது மற்றொன்று சார்ஜ் ஏறட்டும். வீட்டில் ஏற்கெனவே அதே நிறுவனத்தின் 18 வோல்ட் துளையிடும் கருவி இருந்தால், பேட்டரி இல்லாமல் டிரிம்மரை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். மகிடா, பாஷ் போன்றவற்றில் ஒரே வரிசையைச் சேர்ந்த கருவிகளுக்குப் பேட்டரி பொதுவானது. செலவில் பெரும்பகுதி அங்கேயே மிச்சம்.

இனி களை. உங்கள் மனையில் என்ன முளைக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. தாம்பரம் பக்கத்துக் காலி மனைகளில் நான் வழக்கமாகப் பார்ப்பவை கோரை, அருகம்புல், பார்த்தீனியம், நாயுருவி, துத்தி, ஓரத்தில் எருக்கு, ஆமணக்கு, கவனிக்காமல் விட்டால் சீமைக்கருவேலம். முதல் மூன்றும் எந்த நல்ல டிரிம்மருக்கும் அடங்கும். நாயுருவியும் துத்தியும் இளசாக இருக்கும்வரை அறுபடும். தண்டு முற்றிப் பென்சில் கனம் தாண்டிவிட்டால் நைலான் நூல் பட்டையைச் சிராய்க்குமே தவிர அறுக்காது. சீமைக்கருவேலத்துக்கு நூலைக் காட்டுவது வீண் வேலை. அதை வேரோடு எடுக்காவிட்டால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

இதனால் என் யோசனை சற்று வேறு. முதல் வெட்டும் பராமரிப்பும் ஒரே வேலை அல்ல. இடுப்பளவு முற்றிய களையை அழிக்கும் முதல் வெட்டுக்கு, பெட்ரோல் பிரஷ் கட்டர் (தோளில் மாட்டும் களைவெட்டி இயந்திரம்) வைத்திருக்கும் ஆளை ஒரே ஒரு நாள் அமர்த்துங்கள். ஒரு நாளுக்கு என்றால் ஆள் அகப்படுவார். அதன் பிறகு களை முழங்காலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும் கருவியை நீங்கள் வாங்குங்கள். முதல் வெட்டையும் தாங்க வேண்டும் என்று தேடினால் 36 வோல்ட், எஃகு பிளேடு, தோள்வார் என்று எடையும் விலையும் ஏறிக்கொண்டே போகும். பிறகு அதைத் தூக்க முடியாமல் மூலையில் சாத்திவைப்பீர்கள். 18 வோல்ட் கருவி பேட்டரியோடு மூன்று கிலோவை ஒட்டி இருக்கும். பெட்ரோல் பிரஷ் கட்டர் ஏழு, எட்டு கிலோ. அதுவும் ஆண்டுக்கு நாலைந்து முறை மட்டுமே எடுத்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் பசையாகி, அடுத்த மழைக்காலத்தில் இழுத்து இழுத்துத் தோள்தான் வலிக்கும்.

வாங்கும்போது பிரஷ்லெஸ் மோட்டார் (தேயும் கார்பன் பிரஷ் இல்லாதது) உள்ளதா, கருவியின் தண்டு நேராக இருக்கிறதா, 2 மில்லிமீட்டர் நூலாவது ஏற்குமா என்று கேளுங்கள். 2.4 ஏற்கும் என்றால் உங்கள் களைக்கு அதுவே நல்லது. 1.6 மில்லிமீட்டர் நூல் புல்தரைக்கு உரியது. கோரைக்கு நடுவே அறுந்து அறுந்து விழும். கனமான நூல்தான் நல்லது என்று கையேட்டில் சொன்ன அளவை மீறி 3 மில்லிமீட்டரைக் கோக்கவும் கூடாது. மோட்டார் வேகம் இழந்து சூடாகும். வெட்டுவது நூலின் நுனி வேகம்; கனம் அதற்கு அடுத்துதான். இணையத்தில் பிரபலமான பிளாஸ்டிக் பிளேடுகள் ஒரு செங்கல் துண்டில் பட்டாலே உடைந்து பறக்கும். கூடவே வரும் சிறிய எஃகு வட்டை, காவல் மூடியும் சரியான கைப்பிடியும் இல்லாத மெல்லிய தண்டில் மாட்டவே மாட்டாதீர்கள். கட்டையில் தட்டினால் கருவி பக்கவாட்டில் துள்ளும்.

கடையில் தொங்கிக் காய்ந்த நைலான் நூல் மொரமொரவென்று ஒடியும். ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்துச் சுற்றுங்கள். நைலான் ஈரத்தை உறிஞ்சி மீண்டும் வளைந்துகொடுக்கும். ஐம்பது காசு செலவில்லை. ஆனால் பாதிப் பேர் இதைச் செய்யாமல் கருவியைக் குறை சொல்கிறார்கள்.

உயரமான களையை அடியில் அறுக்காதீர்கள். களைத்தண்டு முழுவதும் கருவியின் தலையில் சுற்றிக்கொள்ளும். மேலிருந்து சாண் சாணாகக் குறைத்து இறங்குங்கள். அதற்கு முன் மனையைக் கால்நடையாக ஒரு சுற்று வந்து பாட்டில் சில்லு, கேபிள் துண்டு, பழைய புடவை, பாலிதீன் எல்லாவற்றையும் பொறுக்கிவிடுங்கள். நூலில் புடவைக் கிழிசல் சுற்றினால் அதை எடுக்கவே அரை மணி போகும். எடுக்கும் முன் பேட்டரியைக் கழற்றுங்கள். கழியால் தரையைத் தட்டிக்கொண்டே நடங்கள். கண்ணாடி விரியன் சத்தத்துக்கு நகராமல் சுருண்டு கிடக்கும் பழக்கமுள்ளது என்பதால், முழங்காலளவு பூட்ஸ் இல்லாமல் இறங்காதீர்கள். தென்னங்கன்று, மாங்கன்று இருந்தால் அவற்றைச் சுற்றி ஒரு முழம் விட்டுக் கையால் களையெடுங்கள். நூல் பட்டையைச் சுற்றி உரித்துவிட்டால் கன்று பட்டுப்போகும்.

எருக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அரிவாளால் வெட்டினால் பால் வெட்டிய இடத்தில் வடியும். டிரிம்மர் அதைத் திவலையாக முகத்தில் தெளிக்கும். கண்ணில் பட்டால் கருவிழியே பாதிக்கப்படும். வெறும் கண்ணாடி போதாது. முகம் முழுக்க மறைக்கும் கவசம் வேண்டும். அதைவிட, எருக்கை முன்கூட்டியே அரிவாளால் அறுத்து ஒதுக்கிவிடுவது எளிது. பார்த்தீனியமும் தோலில் அரிப்பையும் சிலருக்கு மூச்சிரைப்பையும் கொண்டுவரும்; முழுக்கைச் சட்டை, முகக்கவசம், கையுறை அவசியம். அது முளைத்து ஒரு மாதத்தைத் தாண்டியதும் பூக்கத் தொடங்கிவிடும். பூத்தபின் டிரிம்மர் ஓட்டினால் விதையை நீங்களே மனை முழுக்கத் தூவுகிறீர்கள். ஐப்பசி மழைக்கு முளைத்ததை, கார்த்திகையில் மழை இரண்டு நாள் ஓயும்போது வெட்டிவிடுங்கள். மண் ஈரமாக இருக்கையில் பார்த்தீனியத்தை வேரோடு பிடுங்க முடிந்தால் இன்னும் உத்தமம். கோரைக்கு மட்டும் இந்த நம்பிக்கை வேண்டாம். கிழங்கு மண்ணுக்குள் இருக்கும்வரை வெட்ட வெட்ட வரும்.

வெட்டி முடித்த சூட்டோடு பேட்டரியைச் சார்ஜரில் போடாதீர்கள். ஆறவிடுங்கள். மே மாதத்தில் காருக்குள்ளோ மொட்டைமாடித் தகரக் கொட்டகையிலோ வைக்கவும் வேண்டாம். மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் பாதிச் சார்ஜில் வீட்டுக்குள் நிழலான அலமாரியில் இருக்கட்டும். பணம் கட்டுவதற்கு முன் கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: மாற்று நூல் உருளை இங்கேயே கிடைக்குமா, மூன்று வருடம் கழித்து இதே பேட்டரி தனியாகக் கிடைக்குமா? இரண்டுக்கும் தயங்காமல் ஆமாம் என்று சொல்லி, உருளையை எடுத்து மேசையில் வைக்கும் கடையில் வாங்குங்கள்.