வெண்டை முளைக்கவில்லை, கடைக்காரரைக் கேட்கலாமா?

கேள்வி: ஊட்டியில் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது. பிப்ரவரியில் ‘கோடைக் காய்கறி’ என்று போட்டிருந்த விதை பாக்கெட்டுகள் வாங்கி வெண்டை, தக்காளி, பீன்ஸ் விதைத்தேன். பீன்ஸ் மட்டும்தான் தலைகாட்டியது. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், ஆனால் மிச்ச விதையைச் சோதித்துவிட்டுப் போங்கள். வெண்டைக்கு மண் 20 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். உறைபனி விழுந்து தெளியும் பிப்ரவரி ஊட்டியில் அந்தச் சூடு ஏது? தக்காளியும் கிட்டத்தட்ட அப்படித்தான். பீன்ஸ் அவ்வளவு சூடு கேட்காது, அதனால் வந்துவிட்டது. பாக்கெட்டில் ‘கோடை’ என்று அச்சடிக்கிறவர் நினைப்பது மேட்டுப்பாளையத்துக்குக் கீழே உள்ள கோடையை!

எண்ணி 20 விதையை ஈரத்துணியில் சுருட்டி, மூடிய டப்பாவில் போட்டு அடுப்படியில் கதகதப்பான இடத்தில் வையுங்கள். துணி காயக் கூடாது, சொட்டவும் கூடாது. விதை ரோஸ் நிறத்தில் இருந்தால் பூச்சிக்கொல்லியோ பூஞ்சாண மருந்தோ கலந்தது, சமையல் டப்பா வேண்டாம். இரண்டு வாரம் பாருங்கள். அரசு விதைத் தரத்தில் குறைந்தபட்ச முளைப்பு வெண்டைக்கு 65 சதவீதம், தக்காளிக்கு 70. அதாவது 20-க்கு 13, 14. ஐந்தாறுதான் வந்தால் குற்றம் விதையில்தான்.

அப்போது பில்லையும் பாக்கெட்டையும் எடுத்துப் போங்கள். குவியல் எண் (லாட் நம்பர்), பரிசோதித்த தேதி, முளைப்புத்திறன் எல்லாம் பாக்கெட்டில் இருக்க வேண்டும். எல்லா விதையையும் சோதித்துத் தீர்க்காதீர்கள், ஆய்வகத்துக்கு அனுப்ப நேர்ந்தால் கொஞ்சம் வேண்டும். பெரும்பாலும் கடையிலேயே மாற்றித் தருவார்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போடுங்கள். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை. ஒரு சின்ன பாக்கெட்டுக்காக அவ்வளவு தூரம் போவது உங்கள் இஷ்டம். பாலிதீன் கவரில் எழுத்தே இல்லாமல் வாங்கியிருந்தால் கேட்க வாயில்லை.

விதை நல்லது என்று தெரிந்தால் தக்காளியைக் குழித்தட்டில், வெயில் படும் ஜன்னலோரம் நாற்றாக்கி, ஏப்ரலில் நடுங்கள். வெண்டையைக் கடையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாக்கெட்டில் எஃப்1 என்று இருக்கிறது. விதை எடுத்து வைக்கலாமா? கோத்தகிரி.

பதில்: வைத்தால் முளைக்கும், ஆனால் அதே மாதிரி காய்க்காது. எஃப்1 என்பது இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கிய வீரிய ஒட்டு, அடுத்த தலைமுறையில் குணம் பிரிந்துவிடும். விதை எடுக்க நினைத்தால் ‘ஒட்டு வேண்டாம், ரகம் கொடுங்கள்’ என்று கேட்டு வாங்குங்கள், விலையும் குறைவு. பீன்ஸில் இந்தக் கவலை அநேகமாக இல்லை.