பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு முகக்கவரி கட்டாயமாக்கியது சரிதானா?

கேள்வி கேட்டவர் மலேசியாவின் பட்டர்வொர்த்தில் இருக்கும் ஒரு தகப்பனார். மகள் அடுத்த ஆண்டு பள்ளிக்குப் போகிறாளாம். "மறுபடியும் ஒரு தொற்று வந்தால் ஏழு வயதுப் பிள்ளை நாள் முழுக்க முகக்கவரி போட்டே ஆக வேண்டுமா, அதனால் பலன் உண்டா?" என்று கேட்டிருக்கிறார்.

நான் கோலாலம்பூரில், செந்தூல் பக்கம், தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு டீச்சர். தொற்று உச்சத்தில் இருக்கும் வாரங்களில் போடட்டும் என்பேன். ஆனால் எழுத்து சொல்லிக்கொடுக்கும் நேரத்தில் டீச்சரின் வாய் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். அன்று முகக்கவரி பற்றி நடந்த சண்டையில் இதை யாரும் பேசவில்லை.

2021 மார்ச் 1-ஆம் தேதி பாலர் பள்ளியும் முதல் இரண்டு ஆண்டுகளும் திறந்தன. என் வகுப்பில் 23 பிள்ளைகள். 5 முதல் 11 வயதுக்கான தடுப்பூசித் திட்டம் 2022 பிப்ரவரியில்தான் தொடங்கியது, ஆகவே அவர்களில் ஒருவருக்கும் ஊசி கிடையாது. இருந்த ஒரே கவசம் அந்தத் துணிதான். (எழுதும்போது முகக்கவரி, வாயில் வருவது மாஸ்க். இனி மாஸ்க் என்றே எழுதுகிறேன்.)

அன்று ல, ள, ழ நடத்தினேன். இதில் காதைவிடக் கண்ணுக்குத்தான் வேலை. ல-வுக்கு நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் தொடும். ள-வுக்கு மடங்கி அண்ணத்தைத் தொடும். ழ-வுக்கு மடங்கும், தொடாது. நான் "பள்ளி, பல்லி" என்று கத்துகிறேன், மேலே விசிறி கடகடவென்று சுற்றுகிறது, பிள்ளைகள் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சொல்வதெழுதுதலில் ஒரு பையன் "நான் பல்லிக்குப் போனேன்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு பல்லியையும் வரைந்து வைத்திருந்தான். மாஸ்க் இல்லாத காலத்திலும் இந்தப் பிழை வரும், எல்லாப் பழியையும் அதன் தலையில் கட்ட மாட்டேன். ஆனால் வழக்கமாக அருகே போய் "டீச்சர் வாயைப் பாரு" என்பேன். அன்று அதைச் சொல்ல வழியில்லை.

கண்ணாடிபோல் முழு முகத்தையும் மூடும் அந்தப் பிளாஸ்டிக் கவசத்தை மட்டும் போட்டுப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் ஆவி படிந்து எனக்கே கரும்பலகை தெரியவில்லை. கடைசியில் வீட்டில் தொலைபேசியை வாய்க்கு நேராக வைத்துப் படம் பிடித்து, பெற்றோர் வாட்சப் குழுவில் போட்டேன். அதில் என் நாக்கு நன்றாகத் தெரியும். என் மகனுக்கு இன்றுவரை அது கேலிப்பொருள்.

அந்த வாட்சப் குழுவில் இரண்டு கட்சி. மாஸ்க் போட்டால் கரியமிலவாயு சேர்ந்து பிள்ளை மயங்கிவிடும் என்று எங்கிருந்தோ வந்த தகவலை ஒரு கட்சி அனுப்பும். அதில் உண்மையில்லை, அறுவை சிகிச்சை டாக்டர்கள் மணிக்கணக்காக அதைப் போட்டுக்கொண்டுதான் நிற்கிறார்கள். மற்றக் கட்சிக்கு ஏழு வயதுப் பிள்ளையும் இரண்டு மாஸ்க் போட வேண்டும். மருத்துவ உலகமே ஒரே பேச்சில் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2020 ஆகஸ்டில், ஐந்து வயது வரை கட்டாயம் வேண்டாம், 6 முதல் 11 வரை உள்ளூர் நிலையைப் பார்த்து முடிவெடுங்கள் என்றது. அமெரிக்காவில் இரண்டு வயதுக்கு மேல் போடச் சொன்னார்கள். இங்கிலாந்தில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளைப் போடச் சொல்லவே இல்லை.

ஆய்வுகளும் அப்படித்தான். ஸ்பெயினின் கத்தலோனியாவில் ஆறு வயதிலிருந்துதான் மாஸ்க் கட்டாயம். போடாத ஐந்து வயதுப் பிள்ளைகளையும் போட்ட ஆறு வயதுப் பிள்ளைகளையும் ஒப்பிட்டபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரத்தில் 2022 தொடக்கத்தில் பல பள்ளி மாவட்டங்கள் மாஸ்க்கைக் கைவிட்டன, பாஸ்டனும் பக்கத்து ஊரான செல்சியும் தொடர்ந்தன. கைவிட்ட மாவட்டங்களில் 15 வாரங்களில் மாணவர், ஊழியர் 1,000 பேருக்குச் சுமார் 45 தொற்றுகள் கூடுதல் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். இரண்டும் வெளியிலிருந்து பார்த்துக் கணக்கிட்டவை, இரண்டையும் குறை சொன்னவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், குளிருக்குச் சன்னலைச் சாத்திய வகுப்பும் எங்கள் வகுப்பும் ஒன்றல்ல. எங்களுக்கு இருபுறமும் சன்னல் திறந்திருக்கும், மழையடித்தால் புத்தகமே நனையும்.

எங்கள் ஊரில் மாஸ்க்கைக் கெடுத்தது வேர்வை. எட்டரை மணிக்குள் ஈரம், பத்து மணிக்கு மூக்குக்குக் கீழே. ஒருத்தி ஓரத்தை மென்றுகொண்டே இருப்பாள். சிலந்தி மனிதன் படம் போட்ட மாஸ்க்கை இரண்டு பையன்கள் மாற்றிப் போட்டுக்கொண்டதைப் பிடித்தபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, மாஸ்க்குக்குள்ளேயே சிரித்துக்கொண்டேன். பிறகு ஓய்வு நேரம். கூட்டம் சேரக்கூடாது என்று சிற்றுண்டிச்சாலைக்கு அனுப்பாமல் வகுப்பிலேயே சாப்பிட வைத்தோம். அதாவது காலை முழுக்க மாஸ்க்கோடு உட்கார்ந்த 23 பேரும் அதே அறையில், ஒரே நேரத்தில், அதைக் கழற்றிவிட்டு நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டே கதை பேசுவார்கள். வெளியே மரத்தடியில் உட்கார வைத்திருக்கலாம். சொல்லிப் பார்த்தேன், விதிமுறையில் இல்லை என்றார்கள்.

காசு கணக்கும் இருக்கிறது. 2020 ஆகஸ்டில் மூன்றடுக்கு மாஸ்க் ஒன்றுக்கு அரசு வைத்த உச்சவிலை 1 வெள்ளி 20 காசு. பிறகு இறங்கியது. ஆனால் மூன்று பிள்ளைகள் படிக்கும், நாள் சம்பளத்தில் ஓடும் வீட்டுக்கு அதுவும் பாரம். ஒருநாள் ஒரு பிள்ளையின் மாஸ்க் பஞ்சு பஞ்சாகப் பிரிந்திருந்தது. விசாரித்தேன். "துவைச்சுக் காயப்போட்டா இன்னும் ரெண்டு நாளைக்கு வரும் டீச்சர்" என்றார் அம்மா. துவைத்தால் உள்ளிருக்கும் வடிகட்டி கெட்டுப்போகும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் புதிது வாங்கியிருப்பாரா என்பது வேறு. அன்றிலிருந்து ஒரு பெட்டி வாங்கி என் அலமாரியில் வைத்தேன்.

2022 மே 1 முதல் திறந்தவெளியில் மாஸ்க் அவரவர் விருப்பம் ஆனது, வகுப்புக்குள் அப்போதும் கட்டாயம்தான். அந்த ஆசிரியர் தினத்துக்கு என் பிள்ளைகள் அட்டை வரைந்து கொடுத்தார்கள். பொட்டு, கண்ணாடி, அதற்குக் கீழே ஒரு நீலக் கட்டம். ஒரு அட்டையில்கூட எனக்கு வாய் கிடையாது.

ஐயா, உங்கள் மகளுக்கு ஆஸ்துமா போன்ற சிக்கல் இருந்தால் டாக்டரிடம் கேட்டு முடிவெடுங்கள். மற்றபடி தொற்று வந்தால் பையில் இரண்டு உபரி மாஸ்க் வையுங்கள், நனைந்ததும் மாற்றப் பழக்குங்கள். டீச்சரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: சன்னல் திறந்திருக்கிறதா, சாப்பாடு எங்கே, எழுத்துப் பாடத்தின்போது வாயைக் காட்ட வழி வைத்திருக்கிறாரா. என் அலமாரியில் அந்தப் பெட்டி இன்னும் இருக்கிறது. யாராவது இருமினால் ஒன்றை எடுத்துக் கொடுக்கிறேன், நானும் ஒன்று போட்டுக்கொள்கிறேன். ழ வரும்போது மட்டும் சன்னலோரம் தள்ளி நின்று கழற்றிவிடுகிறேன்.