மூலிகை மருந்துச் சோதனைத் துறை: மகளைச் சேர்ப்பதற்கு முன்

மூலிகை மருந்தின் நச்சை எலிகளில் சோதிக்கும் துறையில் மகளைச் சேர்க்க யோசிக்கும் நீங்கள், 'மூலிகைக்குக்கூடப் பாதுகாப்புச் சோதனை வேண்டுமா?' என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் எடை குறைக்க மூலிகை மருந்து சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. சேர்க்க வேண்டிய செடிக்குப் பதிலாக சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டோலோக்கியா இனச் செடி கலந்திருந்தது. ஆகவே எலிக் கூண்டுக்குப் போவதற்கு முன்பே உங்கள் மகளின் வேலை தொடங்கிவிடும். வந்திருப்பது சரியான செடிதானா, அதில் ஈயம், ஆர்சனிக், பூஞ்சை நச்சு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சாறு எலிக்குப் போகும்.

அடுத்தது கடும் நச்சுச் சோதனை, அதாவது ஒரே தடவை கொடுத்துப் பார்ப்பது. ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பின் 423-ஆம் வழிமுறையில் சோதனையின் ஒவ்வொரு படிக்கும் மூன்று எலிகள், பெரும்பாலும் பெண் எலிகள். நச்சு குறைவு என்று எதிர்பார்க்கும் சாறு என்றால் உடல் எடையில் கிலோவுக்கு 2000 மி.கி. கொடுப்பார்கள். 200 கிராம் எலிக்கு அது 400 மி.கி. நூறு கிராமுக்கு 1 மி.லி. என்ற அளவில் அதை 2 மி.லி.-க்குள் கரைத்தாக வேண்டும். கெட்டியான சாறு அடியில் படிந்துவிடும். ஒவ்வொரு முறையும் கலக்காமல் எடுத்தால் முதல் எலிக்கும் கடைசி எலிக்கும் அளவு மாறிவிடும்.

கை பழகாதவர்கள் தடுமாறுவது மருந்து கொடுக்கும்போதுதான். நுனி உருண்டையான ஊசியை வாய்வழியாக உணவுக்குழாயில் இறக்க வேண்டும். தடுத்தால் அழுத்தக் கூடாது, வெளியே எடுத்துவிட வேண்டும். மூச்சுக்குழாயில் போனால் எலி திணறும், மூக்கில் திரவம் வரும், இறந்தும் போகலாம். இறந்த எலியின் நுரையீரலைத் திறந்து பார்க்காவிட்டால் பழி மூலிகை மேல் விழும். முதல் நான்கு மணி நேரம் கூர்ந்து கவனித்து, பிறகு 14 நாள்கள் தினமும் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும்.

தினமும் மருந்து கொடுக்கும் சோதனைகள் 28 நாள், 90 நாள் என்று நீளும். ரத்தம் எடுப்பதில் அவசரப்பட்டால் சிவப்பணு உடைந்து பொட்டாசியமும், கல்லீரல் பாதிப்பை அறியப் பார்க்கும் ஏஎஸ்டி நொதியும் பொய்யாக ஏறும். உறுப்புகளை அவை கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில், பத்து மடங்கு அளவில், போடாமல் சின்ன பாட்டிலில் திணித்தால் உள்பகுதி கெட்டு, நுண்ணோக்கியில் ஸ்லைடு படிக்க உதவாது.

சோதனை முடிவில் எலிகளை வலியில்லாமல் கொன்றுதான் உறுப்புகளைப் பார்க்கிறார்கள். இதை மகளிடம் இப்போதே மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நெறிமுறைக் குழு அனுமதியின்றி எதுவும் நடக்காது. எண்ணிக்கையையும் வலியையும் குறைப்பது அந்தக் குழு கேட்கும் முதல் விஷயம். அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் கட்டாயப்படுத்த வேண்டாம்.

சோதனையைத் திட்டமிட விருப்பம் என்றால் பி.பார்ம் முடித்து எம்.பார்ம் மருந்தியல். ஸ்லைடு பார்த்து முடிவு சொல்ல விருப்பம் என்றால் கால்நடை மருத்துவம், மேலே நோயியல். மதிப்பெண் இடம் கொடுத்தால் இரண்டாவதைத்தான் சொல்வேன். நல்ல நோயியல் கண் வருவதற்குப் பல ஆண்டுகள் ஆகும், அதனால் அந்தத் திறமைக்கு மதிப்புக் குறையாது. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது விலங்குக் கூடம் அங்கேயே உள்ளதா, மாணவர்களே மருந்து கொடுத்துப் பழகுகிறார்களா என்று கேளுங்கள்.

இன்னொன்றையும் விசாரியுங்கள். மகளுக்கு ஆஸ்துமாவோ தும்மல் ஒவ்வாமையோ உண்டா? எலிச் சிறுநீரிலுள்ள புரதம் ஒவ்வாமையைத் தூண்டும். இருந்தால் சேருமுன் மருத்துவரைப் பாருங்கள். மருத்துவர் வேண்டாம் என்றாலும் இதே துறையில் பாக்டீரியாவிலும் செல் வளர்ப்பிலும் மரபணு நச்சை, அதாவது மருந்து மரபணுவைக் கெடுக்கிறதா என்று, சோதிக்கும் பிரிவு இருக்கிறது; அதற்கு எம்.எஸ்சி. உயிர்த்தொழில்நுட்பமே போதும்.