சும்மா கிடக்கும் ஃபாக் லைட் ஸ்விட்சில் எல்இடி பார்

வணக்கம். டர்பனில் உங்கள் பக்கி (பிக்கப்) வண்டியில் ஃபாக் லைட் இல்லை, ஸ்விட்ச் மட்டும் டேஷ்போர்டில் சும்மா இருக்கிறது, அதிலேயே 120 வாட் எல்இடி பாரை (நீள விளக்கை) நேரடியாக இணைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்விட்சைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், நேரடியாக மட்டும் வேண்டாம். 12 வோல்ட்டில் 120 வாட் என்றால் 10 ஆம்பியர். ஸ்விட்சுக்குள் இருக்கும் சின்னக் காண்டாக்ட் சூடேறி பிளாஸ்டிக் இளகிவிடும்.

ரிலே போடுங்கள், அதாவது சின்ன கரண்டை வைத்துப் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச். அதன் முனைகளில் எண் இருக்கும். காயிலின் இரு முனைகளில் 86 ஸ்விட்சுக்கு, 85 எர்த்துக்கு (வண்டியின் பாடிக்கு). பேட்டரி பாசிட்டிவிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 30, அங்கிருந்து 87 விளக்குக்கு. ஃபியூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்கட்டும். தள்ளி வைத்தால், நடுவில் வயர் பாடியில் உரசி ஷார்ட் ஆகும்போது தீதான்.

முதலில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். ஸ்விட்சைப் போட்டதும் அதிலிருந்து வெளிவரும் வயரில் 12 வோல்ட் வருகிறதா, எர்த் கிடைக்கிறதா? எர்த் என்றால் ரிலே காயிலின் மறுமுனைக்கு இக்னிஷன் பாசிட்டிவ் கொடுக்க வேண்டும். புது மாடல்களில் ஸ்விட்ச் வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சிக்னல் மட்டும் அனுப்பும். அப்படியானால் அந்த வயரில் கை வைக்காதீர்கள், பக்கத்து வெற்று மூடியில் தனி ஸ்விட்ச் பொருத்துங்கள்.

உங்கள் ஊர்க் கடற்காற்று செம்பைச் சீக்கிரம் பச்சையாக்கிவிடும். இணைப்புகளுக்குப் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கும் குழாய்) போடுங்கள். எர்த் போல்ட்டுக்கு அடியில் பெயின்டைச் சுரண்டி முறுக்கிவிட்டு, மேலே கிரீஸ் தடவுங்கள்.