வீட்டு வலை, கடை வலை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: புறக்கோட்டையில் எங்கள் துணிக்கடை. அங்கே ஒரு பழைய நாஸ் பெட்டி (வலையில் கோப்புகளைச் சேமித்துப் பகிரும் சாதனம்), பிரிண்ட் சேர்வரில் (பிரிண்டரை வலையோடு இணைக்கும் சிறு பெட்டி) கொழுவிய டொட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், தன் சேர்வரை வலையில் தானே தேடிக் கண்டுபிடிக்கும் பழைய கணக்கு மென்பொருள் மூன்றும் இருக்கின்றன. வெள்ளவத்தை வீட்டில் 4ஜி இணைப்பு. இரு பக்க ரவுட்டரிலும் ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான இயங்குதளம்) போட்டு, ஓப்பன்விபிஎன் டேப் முறையில் பிரிட்ஜ் செய்தேன், அதாவது இரு வலைகளையும் ஒரே வலைபோல் இணைத்தேன். பிங் (மறுமுனை எட்டுகிறதா என்று பார்க்கும் சோதனைப் பொட்டலம்) போகிறது. ஆனால் நாஸ் ஃபோல்டரைத் திறந்தால் உறைந்து நிற்கிறது. சில நாள் வீட்டு இன்டர்நெட்டே இழுபடுகிறது. என்ன பிழை?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: இவை இரண்டு வேறு கோளாறுகள். இன்டர்நெட் இழுபடுவதை முதலில் பார்ப்போம். அடுத்த முறை அப்படி ஆகும்போது மடிக்கணினியில் கேட்வே, அதாவது வெளியே போகும் வாசலான ரவுட்டரின், முகவரியைப் பாருங்கள். அநேகமாகப் புறக்கோட்டை ரவுட்டரின் எண்தான் நிற்கும். மடிக்கணினி விழித்ததும் ‘எனக்கொரு முகவரி தா’ என்று வலை முழுவதும் கூவும். பிரிட்ஜ் அந்தக் கூவலைக் கடைக்கும் கொண்டுபோகும். முகவரி வழங்கும் இரண்டு டிஎச்சிபி சேர்வர்களில் (ரவுட்டருக்கு ஒன்று) எது முந்துகிறதோ அதன் பதிலே செல்லும். கடை முந்திவிட்டால் வீட்டில் பார்க்கும் வீடியோகூட புறக்கோட்டை போய்த்தான் வரும்.

டேப் வழியே டிஎச்சிபி பயன்படுத்தும் யூடிபி 67, 68 போர்ட்டுகளைத் தடுத்துவிடுங்கள். ரவுட்டரின் வழக்கமான ஃபயர்வோல் விதி இங்கே எடுபடாது. பிரிட்ஜுக்குள்ளேயே கடந்துபோகும் ஃபிரேம்கள் (வலைப் பொட்டலங்கள்) அதன் கண்ணில் படுவதில்லை. லினக்ஸின் வடிகட்டிகளான ஈபிடேபிள்ஸ் அல்லது என்எஃப்டேபிள்ஸின் பிரிட்ஜ் அட்டவணையில்தான் விதியை எழுதவேண்டும். ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுவதானால், கடந்துபோவதோடு டேப்பிலிருந்து ரவுட்டருக்கே வந்து சேர்வதையும் தடுங்கள். பலர் விடும் பிழை அதுதான். பிறகு முகவரிகளைப் பங்கிடுங்கள்: கடை ரவுட்டர் 192.168.73.1, வீடு 192.168.73.2, நாஸுக்கும் பிரிண்டருக்கும் கடைசிப் பகுதி 50க்குக் கீழே உள்ள நிலையான எண்கள், கடை டிஎச்சிபிக்கு 100 முதல் 149 வரை, வீட்டுக்கு 150 முதல் 199 வரை.

இனி, உறைந்து நிற்கும் ஃபோல்டர். சிறிய பிங் போய்ப் பெரிய பொட்டலம் போகாததே காரணம். சோதிப்பது எளிது. வீட்டிலிருந்து நாஸுக்கு, துண்டாக்கக்கூடாது என்ற தெரிவோடு 1472 பைட் பிங் அனுப்புங்கள். தலைப்புக்கான 28 பைட்டும் சேர்ந்தால் சரியாக 1500. 100 பைட் போய், 1472 போகவில்லையென்றால் நோய் உறுதி. விபிஎன் தன் உறையைச் சுற்றியதும் பொட்டலம் 1500ஐத் தாண்டுகிறது, வழியில் உடைபடுகிறது, உடைந்த துண்டுகளைச் சில இணைப்புகள் கைவிட்டுவிடுகின்றன. இரு வலைகளையும் தனித்தனியாக வைக்கும் ரவுட்டிங் என்றால் இடையிலுள்ள ரவுட்டர் ‘பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கு’ என்று செய்தி அனுப்பும். பிரிட்ஜில் அப்படிச் சொல்ல யாருமில்லை, பொட்டலம் சத்தமின்றிக் காணாமல் போகும்.

டேப்பின் எம்டியுவை (ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு) குறைத்துப் பார்க்கத் தோன்றும். வேண்டாம். பிரிட்ஜின் எம்டியுவும் அதோடு சேர்ந்து இறங்கும். பழைய சாதனங்களோ 1500ஐயே அனுப்பிக்கொண்டிருக்கும். டேப்பை 1500இலேயே விட்டு, ஓப்பன்விபிஎன் அமைப்பில் ஃபிராக்மென்ட் 1300 (பெரிய பொட்டலத்தை விபிஎன்னே துண்டாக்கிச் சேர்க்கும்), எம்எஸ்எஸ்ஃபிக்ஸ் 1300 (டிசிபி பொட்டலங்களைச் சிறிதாக அனுப்பவைக்கும்) என்று எழுதுங்கள். ஃபிராக்மென்ட் இரு முனையிலும் இருக்கவேண்டும், யூடிபியில் மட்டுமே இயங்கும். அதன்பின் அந்த 1472 பைட் பிங் போகவேண்டும்.

பிரிண்டருக்கு பிரிட்ஜே தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. 9100 போர்ட்டில் கேட்கும் பிரிண்ட் சேர்வர் எந்த வலையிலிருந்தும் அச்சிடும். ஆனால் பட்டனை அழுத்தி அதன் விவரத்தாளை அச்சிட்டுப் பாருங்கள். கேட்வே வரியில் 0.0.0.0 இருந்தால், வேறு வலைக்குப் பதில் அனுப்ப அதற்கு வழி தெரியாது. சரியான எண்ணைக் கொடுங்கள். மாற்ற முடியாத பெட்டியென்றால், கடை ரவுட்டரின் உட்பக்கத்தில் மாஸ்கரேட் செய்தால் (அனுப்புபவரின் முகவரிக்குப் பதில் ரவுட்டரின் முகவரியை இட்டால்) கேட்பவர் பக்கத்து வீட்டுக்காரர் என்றே பிரிண்டர் நம்பிவிடும். அந்தக் கணக்கு மென்பொருளுக்கு மட்டும் பிரிட்ஜ் போதும்.

நாஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. அது எஸ்எம்பி 1 (ஃபோல்டர் பகிரும் மொழியின் பழைய பதிப்பு) மட்டுமே பேசும் பெட்டியாக இருக்கலாம். விண்டோஸ் 10இன் 2017 இலையுதிர்கால வெளியீடு (1709) முதல், பல பதிப்புகளில் புதிதாக நிறுவும்போது எஸ்எம்பி 1 இயல்பாக வருவதில்லை. 2017 மேயில், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வன்னாகிரை புழு பரவியது அந்த வாசலால்தான். பிரிட்ஜ் போட்டபின் வீட்டுக் கணினியில் நுழைந்த புழு நேரே கடைக் கணக்குக்குப் போகும். எனவே மடிக்கணினியில் எஸ்எம்பி 1ஐத் திறக்காதீர்கள். கடையில் ஒரு ராஸ்பெரி பை (கையடக்கச் சிறு கணினி) வைத்து, அது மட்டும் நாஸோடு பழைய மொழியில் பேசட்டும். உங்களுக்கு அதே ஃபோல்டரை எஸ்எம்பி 3இல் பகிரட்டும்.

கேள்வி: கரண்ட் போய் வந்தால் வீட்டு ரவுட்டரின் வயர்கார்ட் விபிஎன் டனல் மணிக்கணக்கில் எழுவதில்லை. ஏன்?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: வீட்டு ரவுட்டர்களில் பொதுவாகக் கடிகார பேட்டரி கிடையாது. அணைந்து எழும்போது நேரம் பின்னால் போய்விடும். வயர்கார்ட்டின் மறுமுனை, கடைசியாகப் பார்த்த நேரத்தைவிடப் பழையதாக வரும் அழைப்பை ஏற்காது. எல்லாப் போக்குவரத்தையும் டனலுக்குள் அனுப்பியிருந்தால் சிக்கல் முடிச்சாகிவிடும்: நேரம் கேட்க டனல் வேண்டும், டனல் எழ நேரம் வேண்டும். நேரம் தரும் என்டிபி சேர்வர்களைப் பெயரில்லாமல் எண்களாகக் கொடுத்து, அந்த எண்களுக்கு மட்டும் டனலுக்கு வெளியே ரூட் போடுங்கள். அவசரத்துக்கு மறுமுனையின் வயர்கார்ட்டை நிறுத்தித் தொடங்கினால் பழைய நினைவு அழியும்.

மறுமுனையின் ஐபி மாறியிருந்தாலும் இதே அறிகுறிதான். வயர்கார்ட், மறுமுனையின் பெயரைத் தொடக்கத்தில் ஒருமுறைதான் ஐபி எண்ணாக்கும். ஓப்பன்டபிள்யூஆர்டியில் இதற்கென்றே உள்ள வோட்ச்டோக் (கண்காணிப்பு) ஸ்கிரிப்டை நிமிடத்துக்கொருமுறை க்ரொனில் (குறித்த நேரத்தில் நிரலை ஓட்டும் வசதி) ஓடவிடுங்கள்.

கேள்வி: கைபேசியிலிருந்து டேப் பிரிட்ஜில் சேரலாமா?
– வாசகர், தெஹிவளை

பதில்: முடியாது. அண்ட்ரொய்ட், ஐஓஎஸ் இரண்டிலும் அதிகாரபூர்வ ஓப்பன்விபிஎன் செயலி டேப்பை ஏற்காது. கைபேசிக்குத் தனியாக ஒரு டன் (பிரிட்ஜ் இல்லாத, ரவுட்டிங் முறை) சேர்வரை வேறு போர்ட்டில் ஓடவிட்டு, கடை வலைக்கு ரூட் கொடுங்கள்.